ஓரெழுத்துப் பிழையும் மறுமுயற்சியும்

(சுருத பஞ்சமி விழாவில் மாணவர்க்கும் பெற்றோர்க்கும் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

ஜேஷ்ட மாதத்து வளர்பிறை ஐந்தாம் நாள் சுருத பஞ்சமி. ஜினாலயங்களில் ஏடுகளையும் நூல்களையும் துடைத்து, புதிய துணியில் பொதிந்து, பீடத்தில் வைத்து வழிபடும் நாள் இது. சமணக் குடும்பத்துப் பிள்ளைகள் தம் பாடநூல்களையும் அருகில் வைப்பதுண்டு. அண்மைக் காலத்தில் இந்நாளுக்கு மற்றொரு நிறமும் சேர்ந்துவிட்டது. மே மாதத்தின் முதல் ஞாயிறை ஒட்டி நீட் தேர்வு நடைபெறுகிறது. ஜூன் மாதத்தில் முடிவு வருகிறது. ஆகவே சுருத பஞ்சமி வரும் வாரங்களில் பல வீடுகளில் ஒரு பிள்ளை முடிவுக்காகக் காத்திருக்கும். அல்லது வந்த முடிவைத் தாங்கமாட்டாமல் அறைக்கதவைச் சாத்திக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு இந்த விழா என்ன சொல்கிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

சுருத பஞ்சமியின் வரலாறு ஒரு தேர்வில் தொடங்குகிறது என்பதைப் பலரும் கேட்டிருப்பர். ஆயினும் ஊன்றி எண்ணியிரார். மகாவீரர் வீடுபேறுற்று ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகள் கழிந்த காலம். ஆகம அறிவு நினைவிலேயே வழிவழியாக வந்துகொண்டிருந்தது. நினைவுடையோர் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்தனர். கிர்நார் மலையின் சந்திர குகையில் வாழ்ந்த தரசேனாசாரியர் தம்மோடு அது அற்றுப்போகுமே என அஞ்சினார். தென்னாட்டுத் துறவியர் கூடியிருந்த அவைக்கு ஓலை விடுத்தார். அங்கிருந்து இருவர் வந்தனர். அவர்களே பின்னர்ப் புட்பதந்தர், பூதபலி என்று அறியப்பட்டோர்.

வந்தவர்க்கு ஆசாரியர் உடனே பாடம் தொடங்கவில்லை. இருவருக்கும் ஒவ்வொரு மந்திரத்தைத் தந்து, இரண்டு நாள் உண்ணாநோன்பிருந்து உருவேற்றுமாறு பணித்தார். ஒருவர்க்குத் தந்த மந்திரத்தில் ஓரெழுத்து மிகுந்திருந்தது. மற்றவர்க்குத் தந்ததில் ஓரெழுத்துக் குறைந்திருந்தது. அதனை அவர் சொல்லவில்லை. இருவரும் முறைப்படி நோன்பிருந்து செபித்தனர். தேவியர் தோன்றினர். ஆனால் ஒருத்திக்குப் பற்கள் வெளியே துருத்தியிருந்தன. மற்றவளுக்கு ஒரு கண் இல்லை.

இவ்விடத்தில் அவ்விரு துறவியரும் செய்ததே இன்றைய மாணவர்க்குப் பாடம். அவர்கள் நெடுந்தொலைவு நடந்து வந்தவர்கள்; பட்டினி கிடந்தவர்கள்; முயற்சியில் குறை வைக்காதவர்கள். விளைந்ததோ கோணலாக விளைந்தது. அதற்காக அவர்கள் ஆசாரியரைப் பழிக்கவில்லை. தமக்குத் தகுதியில்லை என்று ஊருக்குத் திரும்பவுமில்லை. தேவர்க்கு இயல்பில் இத்தகைய உருக்குறை இல்லையே, ஆகவே பிழை வேறெங்கோ இருக்கவேண்டும் என்று ஆராய்ந்தனர். மந்திர இலக்கணத்தைக் கொண்டு எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தனர். மிகுந்த எழுத்தை நீக்கினர். குறைந்த எழுத்தைச் சேர்த்தனர். மீண்டும் செபித்தனர். தேவியர் தத்தம் இயல்பான வடிவில் தோன்றினர். நடந்ததை ஆசாரியரிடம் பணிவுடன் கூறியபோது அவர் மகிழ்ந்து பாடம் சொல்லத் தொடங்கினார். அந்தப் பாடமே ஷட்கண்டாகமமாயிற்று. அது நிறைவுற்று ஏட்டிலேறி வழிபடப்பெற்ற நாளே சுருத பஞ்சமி.

முதல் முயற்சியில் கோணல் வடிவைக் கண்ட இருவரால்தான் ஆகமம் பிழைத்தது. ஆசாரியர் அறிய விரும்பியதும் அவர்கள் பிழை செய்வார்களா என்பதன்று. பிழையைக் கண்டபின் என்ன செய்வார்கள் என்பதே.

இனி, இதனை ஒரு வீட்டில் வைத்துக் காண்போர்க்குப் பொருள் இன்னும் தெளிவாகும். சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் ஒரு மாணவி இருப்பதாக எண்ணிப் பார்க்கலாம். தாய் பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிறார்; பின்னிய அளவுக்கே கூலி. தந்தை மருந்து கலக்கும் பிரிவில் இருக்கிறார். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்ததை அந்த வீடு மறக்கவில்லை. ஒரு காலத்தில் தீப்பெட்டி அட்டையும் குச்சியும் பிள்ளைகளின் கையில் இருந்த வட்டாரம் அது. பின்னர் அதே விருதுநகர் மாவட்டம் பொதுத்தேர்வுத் தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் தொடர்ந்து மாநிலத்தின் முதலிடத்தில் நின்றது. 2022 ஜனவரியில் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மருத்துவப் படிப்பு கண்ணுக்கெட்டும் தொலைவுக்கு வந்துவிட்டது. அந்த மாணவி பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றாள். நீட் தேர்வில் 720-க்கு 360 பெற்றாள். அன்றிரவு அந்த வீட்டில் யாரும் உண்ணவில்லை.

தீபாவளியை மகாவீரர் வீடுபேறுற்ற நாளாக விளக்கேற்றிக் கொண்டாடும் குடும்பங்களுக்கும், அந்நாளின் வெடிகளை ஆண்டு முழுவதும் செய்து பிழைக்கும் அக்குடும்பத்துக்கும் வழக்கத்தால் தொலைவு மிகுதி. ஆனால் மதிப்பெண் வந்த இரவில் வந்தவாசியின் வீடும் நாரணாபுரத்தின் வீடும் ஒன்றே.

அந்த 360 என்பது என்ன? ஜினாகமம் இதற்கு நேரான விடை தருகிறது. அறிவு உயிரின் இயல்பு. அதனை மறைப்பது ஞானாவரணீய வினை. மேகம் கதிரவனை மறைக்கிறது, கதிரவனை அழிப்பதில்லை. ஆகவே தேர்வு முடிவு காட்டுவது உயிரின் அளவை அன்று. ஒரு நாளில், ஓர் அறையில், மூன்று மணி நேரத்தில் வெளிப்பட்ட அளவை மட்டுமே.

தேர்வின் கணக்கே இதனைக் காட்டும். 2024-ஆம் ஆண்டில் 720-க்கு 720 பெற்றவர் இறுதிப் பட்டியலில் 17 பேர். 2025-ஆம் ஆண்டில் நாட்டின் முதலிடமே 686 மதிப்பெண்ணுக்குக் கிடைத்தது. பொதுப் பிரிவின் தகுதி மதிப்பெண் 2024-இல் 162, 2025-இல் 144. மாணவர் மாறியதைவிட வினாத்தாளின் கடுமை மாறியதே காரணம். எனவே பக்கத்து வீட்டுப் பிள்ளை முந்தைய ஆண்டில் பெற்ற மதிப்பெண்ணோடு இந்த ஆண்டு மதிப்பெண்ணை ஒப்பிடுவது பிழையான கணக்கு. தரவரிசையைப் பார்த்தல் வேண்டும். மேலும், 2024-இல் 1,563 பேருக்கு வழங்கப்பட்ட கருணை மதிப்பெண்களை நீக்கி, அவர்களுக்கு ஜூன் 23 அன்று மறுதேர்வு வைக்க நேர்ந்தது. தேர்வை நடத்துவோர்க்கே மறுமுயற்சி தேவைப்படுமாயின், பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது எவ்வாறு இழிவாகும்?

அடுத்து, துயரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். துறவியர் வெல்லவேண்டிய பரீசகங்கள் இருபத்திரண்டு என்று தத்துவார்த்த சூத்திரம் எண்ணுகிறது. பசி, நீர்வேட்கை, குளிர், வெப்பம் என்ற வரிசையில் இறுதிப் பகுதியில் இரண்டு சேர்ந்து நிற்கின்றன. ஒன்று பிரஜ்ஞை, கற்றோம் என்னும் செருக்கு. மற்றொன்று அஜ்ஞானம், இவ்வளவு முயன்றும் அறிவு கைகூடவில்லையே என்னும் துயரம். முற்றத் துறந்தவர்க்கே அத்துயரம் உண்டு என்று ஆகமம் ஒப்புக்கொள்கிறது. ஆகவே பிள்ளை அழுதால் அதனைக் கோழைமை என்று கடிதல் ஆகாது. சில நாள் அழட்டும், உறங்கட்டும், புத்தகத்தைத் தொடாமல் இருக்கட்டும். பரீசகம் என்பது கடக்கவேண்டியது, மறுக்கவேண்டியது அன்று.

ஆனால் எல்லைக்கோடு ஒன்று உண்டு. அரியலூர் மாவட்டம் குழுமூர் மாணவி அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 பெற்றவர். நீட் தேர்வின் காரணமாக மருத்துவ இடம் கிட்டாமல் 2017 செப்டம்பர் 1 அன்று தம் உயிரை மாய்த்துக்கொண்டார். தமிழ்நாடு அந்த நாளை மறக்கவில்லை. ஓரறிவுயிர்க்கும் ஊறு செய்யலாகாது என்று வாழும் குடும்பங்கள் தம் வீட்டுப் பிள்ளையின் உயிரைப் பற்றியும் அதே விழிப்புடன் இருத்தல் வேண்டும். உணவை ஒதுக்குதல், உறக்கமின்மை, எல்லோருக்கும் பாரம் என்ற பேச்சு, பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல் ஆகியன காணப்பட்டால் தனியே விடலாகாது. வெளிப்படையாகக் கேட்டுப் பேசவேண்டும். மாநில அரசின் 104 என்ற எண்ணிலும், டெலிமானஸ் சேவையின் 14416 என்ற எண்ணிலும் இரவு பகலாக ஆலோசனை கிடைக்கும். அழைப்பதில் வெட்கத்துக்கு இடமில்லை.

உறவினர்க்கும் ஒரு சொல். ஞானாவரணீய வினை எதனால் வந்து ஊறும் என்று தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அதிகாரம் பட்டியலிடுகிறது. அறிவுடையார்பால் காழ்ப்பு, அறிந்ததை மறைத்தல், பொறாமை, கல்விக்கு இடையூறு செய்தல், அறிவை இகழ்தல், பழுது கூறுதல் என்பன அவை. திருமண வீட்டிலும் கோயில் வாயிலிலும் ஒரு பிள்ளையை நிறுத்தி மதிப்பெண் கேட்டு, உதட்டைப் பிதுக்கிச் செல்பவர் அப்பிள்ளையின் அறிவை மறைக்கவில்லை. தம் அறிவுக்கே திரை நெய்துகொள்கிறார்.

துயரம் சற்றுத் தணிந்தபின் வேலை தொடங்குகிறது. அது பிரதிக்கிரமணத்தைப் போன்றது. செய்த குற்றங்களை ஒவ்வொன்றாக நினைந்து, பெயர் சொல்லி, மீளுதலே பிரதிக்கிரமணம். பொத்தாம்பொதுவாக, எல்லாம் தவறிவிட்டது என்று புலம்புவது பிரதிக்கிரமணம் ஆகாது. நீட் தேர்வில் இதற்கு வசதியும் உண்டு. மாணவர் நிரப்பிய ஓ.எம்.ஆர். தாளின் படமும் விடைக்குறிப்பும் இணையத்தில் தரப்படுகின்றன. அவற்றைப் பதிவிறக்கி, வினாத்தாளையும் வைத்துக்கொண்டு, 180 வினாக்களையும் ஒன்றுவிடாமல் பார்த்தல் வேண்டும்.

மேலே சொன்ன மாணவியின் 360 மதிப்பெண் இவ்வாறு வந்ததாகக் கொள்ளலாம். அவள் எழுதியவை 165, அவற்றுள் சரி 105, தவறு 60, விட்டவை 15. சரியான விடைக்கு நான்காக 420. தவறான விடைக்கு ஒன்றாக 60 கழிந்து 360. இப்போது அந்த 60 தவறுகளைப் பிரித்தல் வேண்டும். பாடமே தெரியாதவை எத்தனை? தெரிந்தும் வினாவைப் பிழையாகப் படித்தவை எத்தனை? ‘சரியல்லாதது எது’ என்று கேட்ட இடத்தில் சரியானதைக் குறித்தவை எத்தனை? கணக்கில் அலகு மாற்றத் தவறியவை எத்தனை? நேரம் முடியும் தறுவாயில் கண்ணை மூடிக் குறித்தவை எத்தனை? பாடமே தெரியாதவையும் விட்டவையும் குறை எழுத்து. அவசரமும் ஊகமும் மிகை எழுத்து. இரண்டுக்கும் மருந்து வேறு. குறைக்குப் படிப்பு, மிகைக்கு நிதானம். எல்லாவற்றுக்கும் இன்னும் அதிகமாகப் படி என்ற ஒரே மருந்தைத் தருவதால்தான் பலர் இரண்டாம் ஆண்டிலும் அதே மதிப்பெண்ணில் நிற்கின்றனர்.

கணக்கைத் தொடர்வோர் ஒன்றைக் காண்பர். தவறாக எழுதிய ஒரு வினா சரியானால் நான்கு கூடுவதோடு கழிந்த ஒன்றும் திரும்பும், மொத்தம் ஐந்து. தெரிந்தும் தவறிய இருபது வினாக்களை மட்டும் திருத்தினால் 100 மதிப்பெண் கூடி 460 ஆகும். புதிதாக ஒரு பாடமும் கற்காமலே கிடைக்கும் ஏற்றம் இது. கண்மூடிக் குறிப்பதோ பெரிதும் பயன் தராது. நான்கு விடைகளுள் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தால் சராசரியாக வினாவுக்குக் கால் மதிப்பெண்ணே தேறும். நாற்பது வினாக்களுக்குப் பத்து. அதற்குச் செலவாகும் நேரத்தில் தெரிந்த ஐந்து கணக்குகளை மீண்டும் சரிபார்க்கலாம். மருந்து கலக்கும் அறையில் அவசரம் என்ன செய்யும் என்பதை நாரணாபுரத்துப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனிப் படிக்கும் முறை. சுவாத்தியாயம் என்னும் கல்வித் தவத்துக்கு ஐந்து உறுப்புகள் கூறப்பட்டுள்ளன: வாசனை, பிருச்சனை, அனுப்பிரேக்ஷை, ஆம்னாயம், தர்மோபதேசம். வாசனை பாடத்தைப் பிழையறப் பெறுதல். நீட் தேர்வுக்கு என்.சி.இ.ஆர்.டி. நூல்களையும் மாநிலப் பாடநூல்களையும் வரிவிடாமல் படித்தல் இது. 90 வினாக்கள் உயிரியலிலிருந்தே வருவதால் அங்கு வரிகளே மதிப்பெண். பிருச்சனை வினாவுதல். ஐயத்தை அன்றே ஆசிரியரிடம் கேட்கவேண்டும். வெட்கி மறைத்த ஐயம் தேர்வறையில் வெளிப்படும். அனுப்பிரேக்ஷை கற்றதை உள்ளத்தில் திருப்பித் திருப்பி எண்ணுதல். இயற்பியலுக்கு இதுவே உயிர். ஆம்னாயம் பிழையின்றி ஓதிக்கொண்டேயிருத்தல். தர்மோபதேசம் பிறர்க்குச் சொல்லுதல். தம்பிக்கு ஒரு பாடம் நடத்திப் பார்த்தால் தனக்கு எங்கே தெளிவில்லை என்பது வெளிப்படும்.

இன்றைய ஆய்வும் இதனோடு இசைகிறது. அமெரிக்க உளவியலாளர்களான ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மீண்டும் மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினர். ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையிலோ, நூலை மூடிவைத்து நினைவிலிருந்து எடுத்துக் கூறிப் பழகியவர்களே முந்தினர். நூலைத் திறந்துவைத்துப் படிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றும். மூடிவைத்துச் சொல்லும்போதே தெரிந்தது எது என்று தெரியும். ஆகவே படித்த மணிக்கணக்கை எண்ணாமல், பார்க்காமல் சொல்லக்கூடிய பக்கங்களை எண்ணுதல் நன்று.

ஜூன் முதல் மே வரை பதினொரு மாதங்கள் உள்ளன. தவறுகளின் பட்டியலுக்கும் ஓய்வுக்கும் முதல் மாதம். பாடங்களை முறையாக முடிக்க அடுத்த ஆறு மாதங்கள். முழு மாதிரித் தேர்வுகளும் அவற்றின் பிழை ஆராய்ச்சியும் எஞ்சிய நான்கு மாதங்கள். மாதிரித் தேர்வை உண்மைத் தேர்வு நடக்கும் பிற்பகல் வேளையிலேயே, மூன்று மணி நேரத்தில், ஓ.எம்.ஆர். தாளில் கறுப்பு மையால் நிரப்பி எழுதவேண்டும். ஒரு தேர்வு எழுதும் நேரத்தைவிட அதன் பிழைகளை ஆராயும் நேரம் மிகுந்திருக்கட்டும். நாள்தோறும் சிறிது நேரம் சாமாயிகத்தில் அமர்தல் இவ்வாண்டில் தள்ளிவைக்கத்தக்கதன்று. பதற்றம் வந்தபின் அமைதியைத் தேடுவதைவிட அமைதியைப் பழக்கமாக்கிக் கொள்வது எளிது.

இவ்விடத்தில் பெற்றோர் ஒரு கேள்வியை நேர்மையாகக் கேட்டுக்கொள்ளல் வேண்டும். மறுமுயற்சி யாருடைய விருப்பம்? பிள்ளையின் விருப்பமாயின் தடையில்லை. நீட் தேர்வுக்கு முயற்சிகளின் எண்ணிக்கையில் வரம்பில்லை. 17 வயது நிறைந்தபின் மேல்வரம்பும் இல்லை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பயின்றவர்க்கு 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு. மீண்டும் எழுதுவோர்க்கும் அது பொருந்தும். ஆனால் விருப்பம் பெற்றோருடையது மட்டுமாயின், அந்த ஆண்டு இருவருக்கும் சிறையாகும். கால்நடை மருத்துவம், வேளாண்மை, செவிலியம், பொறியியல் ஆகியவற்றுக்கு மாநில ஒதுக்கீட்டில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும். தொடங்கும்போதே எல்லையையும் வகுத்துக்கொள்ளுதல் நலம். எத்தனை முறை, எந்தத் தேதி வரை, அதன்பின் எது என்று தாளில் எழுதி வைத்தல் பிரத்தியாக்கியானம் போன்ற உறுதி. முயற்சி ஒருவர் கையில்; பயன் அந்தராய வினையின் தேய்வையும் பொறுத்தது. இதனை முன்பே ஏற்றவர்க்கு இரண்டாம் முடிவு எதுவாயினும் அது இடியாக இறங்காது.

சங்கத்தாருக்கும் ஒரு கடமை உண்டு. சிவகாசி வட்டாரத்திலிருந்து சிறு பயணத் தொலைவில் உள்ள கழுகுமலையில் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுத் தீர்த்தங்கரர் திருமேனிகள் பாறையில் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் கீழுள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் குரவர் பெயரும், குரத்தியர் என்னும் பெண் ஆசிரியர் பெயரும், அவர்தம் மாணாக்கர் பெயரும் உள்ளன. கற்றவர் இன்னாரிடம் கற்றார் என்பதே அங்கு விருதாகப் பொறிக்கப்பட்டது. எத்தனை மதிப்பெண் பெற்றார் என்பது பொறிக்கப்படவில்லை. அந்த மரபின் வழிவந்த அறக்கட்டளைகள் வெற்றி பெற்றவர்க்குச் சால்வை போர்த்துவதோடு நில்லாமல், மீண்டும் எழுதும் பிள்ளைக்கு ஓராண்டுக்கு ஓர் அமைதியான அறையும், பழைய வினாத்தாள்களும், வாரம் ஒருமுறை வந்து ஐயம் தீர்க்கும் ஒரு கல்லூரி மாணவரையும் ஏற்பாடு செய்தால், அது சாத்திர தானமாகும். சமணர் பிள்ளைக்கு மட்டும் என்று வரையறுக்கவும் வேண்டியதில்லை. நாரணாபுரத்து மாணவிக்கும் அந்தக் கதவு திறக்கட்டும்.

தரசேனரிடம் பாடம் கேட்டு முடித்த இருவரும் அங்குலேசுவரத்தில் மழைக்காலத்தைக் கழித்துப் பிரிந்தனர். புட்பதந்தர் வனவாசிக்குச் சென்றார். தொடக்கப் பகுதியை இயற்றி ஜினபாலிதரிடம் கொடுத்தனுப்பினார். எஞ்சியதை நிறைவு செய்தவர் பூதபலி. அவர் பிரிந்து சென்ற நாடு திரமிள நாடு, அதாவது தமிழ்நாடு என்று தவளை உரை கூறுகிறது. ஓரெழுத்துப் பிழையைக் கண்டு திருத்திய கை இந்த மண்ணை நோக்கி வந்தது. இன்று பீடத்தில் உள்ள ஏட்டை வணங்கும் ஒவ்வொரு மாணவரும் அதனை நினைவிற் கொள்க. வீடு திரும்பியதும், மதிப்பெண் தாளை அலமாரியின் அடியில் ஒளிக்காமல், மேசைமேல் விரித்து, எந்த எழுத்து மிகுந்தது, எந்த எழுத்துக் குறைந்தது என்று பார்க்கத் தொடங்குக.

அறம் வளர்க! ஜினவாணி வெல்க!